எலிக்காய்ச்சல் தடுப்பூசிப் புரதம் மக்கர் செய்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

தர்மபுரியில் எங்கள் ஆய்வகம் என்றால் ஒரு ஷேக்கர், ஒரு சென்ட்ரிஃபியூஜ், கதவு ஒழுங்காகச் சாத்தாத ஒரு ஃப்ரிட்ஜ், ஐந்தாறு முதுகலை மாணவர்கள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு எலிக்காய்ச்சலுக்கு மறுசேர்க்கைப் புரதத் தடுப்பூசி, அதாவது கிருமியின் ஒரு ஜீனை வேறு பாக்டீரியாவில் ஏற்றிச் செய்த புரதத்தால் ஆன ஊசி, செய்யப் பார்க்கிறோம். இத்தனை நாளில் நான் சேர்த்த சொத்து, எதெது எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்ற ஒரு நோட்டுப் புத்தகம்தான். ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அதையே வாயால் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால், இந்த முறை எழுதி வைக்கிறேன்.

நோயைப் பற்றி இரண்டு வரி. பெயரில்தான் எலி, லெப்டோஸ்பைரா என்ற சுருள் பாக்டீரியா மாடு, நாய், பன்றி என்று யாருடைய சிறுநீரகத்திலும் குடியேறும். சிறுநீரோடு ஈர மண்ணுக்கும் தேங்கிய தண்ணீருக்கும் வந்து, பாதத்தின் வெடிப்பு வழியாக மனிதருக்குள் போகும். 1915ல் ஜப்பானில் இனடாவும் இடோவும் கிருமியை அடையாளம் கண்டார்கள். இன்று மாட்டுக்கும் நாய்க்கும் கிடைக்கும் ஊசிகள் பெரும்பாலும் கொல்லப்பட்ட முழுக் கிருமி. இந்தக் கிருமியில் 300க்கும் மேல் செரோவார், அதாவது ஆன்டிபாடிக்கு வேறுவேறாகத் தெரியும் உட்பிரிவுகள், உண்டு. ஒன்றுக்குப் போட்ட ஊசி இன்னொன்றைத் தடுப்பது அரிது, அதையும் ஆண்டுதோறும் போட வேண்டும். எல்லாச் செரோவாரிலும் பொதுவாக இருக்கும் ஒரு புரதத்தைப் பிடித்துவிட்டால் இந்தத் தொல்லை தீருமே என்பதுதான் எங்கள் ஆசை.

நாங்கள் உயிருள்ள லெப்டோஸ்பைராவைத் தொடுவதில்லை. அது இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு வசதியுள்ள கூட்டாளி ஆய்வகத்தின் வேலை. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஜீன், அதைப் பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையத்தில் சுமந்து புரதம் செய்துதரும் ஈ.கோலை பாக்டீரியா. அதற்கும்கூட நிறுவன உயிர்ப்பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். விலங்கில் ஊசி வைப்பதற்கு முன் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தனி.

வேலை தொடங்கும்முன் மூன்று சாம்பிள்களை எடுத்து மூடி வையுங்கள்: புரதம் செய்யச் சொல்லித் தூண்டாத ஈ.கோலை, ஜீன் இல்லாத வெறும் பிளாஸ்மிட் ஏற்றிய ஈ.கோலை, ஊசி போடுவதற்கு முன் எடுத்த சீரம். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்த மூன்றை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடலாம். இவை இல்லாமல் "மேடம், ரிசல்ட் வந்திருக்கு" என்று ஓடி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இன்னொன்று. தோற்ற மாதிரி தெரியும் அறிகுறிகள் பெரும்பாலும் சில்லறைச் சிக்கல்கள், ஒரு வாரத்தில் தீரும். ஜெயித்த மாதிரி தெரிபவைதான் என் வருடங்களைத் தின்றவை. அதனால் முன்பாதியைச் சீக்கிரம் சொல்லிவிட்டுப் பின்பாதியில் நின்று பேசுகிறேன்.

ஐ.பி.டி.ஜி. போட்டும் ஜெல்லில் பேண்டே இல்லை

ஐ.பி.டி.ஜி. என்பது புரதம் செய்யச் சொல்லி ஈ.கோலையைத் தூண்டும் வேதிப்பொருள்; புரதம் வந்தால் ஜெல்லில் தெரியும் கோடுதான் பேண்ட். அது இல்லையென்றால் குப்பியின் மேல் எழுதியிருக்கும் ஈ.கோலை இனத்தின் பெயரைப் படியுங்கள். பிளாஸ்மிட்டைப் பெருக்கும் டி.எச்.5 ஆல்ஃபாவிலேயே தூண்டிப் பார்த்துவிட்டு அழுதவர்கள் எங்களிடமே இரண்டு பேர். பெட் வகைப் பிளாஸ்மிட்டில் உள்ள ஜீனைப் படிக்க டி-7 பாலிமரேஸ் என்ற நொதி வேண்டும், அது பி.எல்.21 (டி.இ.3) மாதிரி டி.இ.3 ஏறிய இனங்களில்தான் உண்டு.

இனம் சரி என்றால் ஆன்டிபயாட்டிக். ஆம்பிசிலின் போட்ட வளர்ப்பில் பாக்டீரியாவே மருந்தைச் சிதைத்துவிடும். இரவெல்லாம் வளர்ந்த ஸ்டார்ட்டரில் பிளாஸ்மிட்டைத் தொலைத்த செல்களே மெஜாரிட்டியாக இருக்கும். கானமைசின் எதிர்ப்புள்ள பிளாஸ்மிட்டுக்கு மாறுங்கள், இல்லையென்றால் கார்பெனிசிலின் போடுங்கள். பழைய கிளிசரால் ஸ்டாக்கை நம்பாமல் புதிதாக டிரான்ஸ்ஃபார்ம் செய்த காலனியிலிருந்து தொடங்குங்கள்.

அதுவும் சரி என்றால் ஜீனைப் பாருங்கள். லெப்டோஸ்பைராவின் மரபணுவில் ஜி-சி பங்கு ஏறக்குறைய 35 சதவீதம்தான், ஈ.கோலையில் அது 50க்கு மேல். அதனால் ஈ.கோலைக்கு அதிகம் பழக்கமில்லாத ஏ.ஜி.ஏ., ஏ.யு.ஏ. போன்ற கோடான்கள் (ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொற்கள்) இதில் நிறைய வரும். புரதத்தைக் கோக்கும் ரைபோசோம் நடுவழியில் நின்றுவிடும். முழுப் புரதம் வராமல் கீழே துண்டு துண்டாகப் பேண்ட் தெரிந்தால் முதல் சந்தேகம் இதுதான். அரிய டி-ஆர்.என்.ஏ.க்களைச் சேர்த்துத் தரும் ரொசெட்டா இனத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். காசு இருந்தால் கோடானைத் திருத்தி ஜீனையே செயற்கையாக எழுதி வாங்கிவிடலாம். இப்போது அது ஒன்றும் யானை விலை இல்லை.

தூண்டிய அரை மணியில் வளர்ச்சி அப்படியே நின்றுவிட்டால், சிக்னல் பகுதியை வெட்டினீர்களா என்று பாருங்கள். நாங்கள் முதலில் எடுத்த லெப்டோஸ்பைராப் புரதமான லிப்-எல்-32 ஒரு லிப்போபுரதம், அதாவது கொழுப்பு ஒட்டிய புரதம். 272 அமினோ அமிலங்களில் முதல் 19 வெறும் முகவரிச் சீட்டு. அடுத்து வரும் சிஸ்டீனில்தான் கொழுப்பு ஒட்டும். முகவரியோடு விட்டால் ஈ.கோலை அதை நேர்மையாகத் தன் சவ்வுக்கே கொண்டுபோய், சவ்வு தாங்காமல் சாகும். 21ஆவது அமினோ அமிலத்திலிருந்து ஜீனை எடுத்தால் சாதுவாக இருக்கும்.

புரதம் இருக்கிறது, ஆனால் எல்லாம் வண்டலில்

செல்லை உடைத்துச் சுழற்றினால் புரதம் கரைசலில் நிற்காமல் அடியில் கட்டியாகப் படிகிறது. இதுதான் இந்த ஊர் நோய். பாடப்புத்தகம் "16 முதல் 18 டிகிரியில் இரவு முழுவதும் தூண்டவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடும். குளிரூட்டும் வசதி இல்லாத ஷேக்கரால் அறை வெப்பத்துக்குக் கீழே போகவே முடியாது என்பதை அந்த வரி சொல்லாது. ஏப்ரல் மாதம் தர்மபுரியில் வெளியே 38 டிகிரி; அறைக்குள் ராத்திரி பத்து மணிக்கும் 32. நீங்கள் 18 என்று அமுக்குவீர்கள், திரையும் பவ்யமாக 18 என்று காட்டிக்கொண்டே இருக்கும். ஃபிளாஸ்குக்குள் ஒரு தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்த அன்றுதான் எங்களுக்கு உண்மை தெரிந்தது. அதற்குள் நான்கு மாத வேலை வண்டலாகியிருந்தது.

புரதம் வேகமாக உருவாகும்போது ஒழுங்காக மடிய நேரம் கிடைக்காது. பாதி மடிந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். வேகத்தைக் குறைப்பதுதான் வைத்தியம். ஏசி அறைக்கு ஷேக்கரை மாற்றுங்கள். ஐ.பி.டி.ஜி.யை 1 மில்லிமோலாரிலிருந்து 0.1க்கு இறக்குங்கள். வளர்ப்பின் ஒளி அடர்த்தி (ஓ.டி.) 0.6 வந்ததும் ஃபிளாஸ்கை இருபது நிமிடம் ஐஸில் வைத்துவிட்டுப் பிறகு தூண்டுங்கள். சூடான வளர்ப்பில் ஐ.பி.டி.ஜி.யை ஊற்றிவிட்டு அப்புறம் குளிர்விப்பது, பால் பொங்கிய பிறகு அடுப்பை அணைப்பது போல.

ஒருநாள் கரைகிறது, மறுநாள் வண்டல், முறை மட்டும் ஒன்றே என்றால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். கரண்ட் போய் ஷேக்கர் நின்றால் செல்கள் அடியில் படிந்து காற்றில்லாமல் தவிக்கும். கரண்ட் வந்ததும் ஷேக்கர் தானாக ஓடத் தொடங்கிவிட்டால், காலையில் வருகிறவருக்கு ராத்திரி நடந்தது எதுவும் தெரியாது. நாங்கள் அதே பிளக்கில் பேட்டரி இல்லாத ஒரு மலிவான டிஜிட்டல் கடிகாரத்தையும் சேர்த்துச் செருகி வைத்திருக்கிறோம். கரண்ட் போனால் அது 12:00 என்று சிமிட்டும்.

எதற்கும் மசியாவிட்டால் வண்டலையே எடுத்து 8 மோலார் யூரியாவில் கரைத்து, திரும்ப மடிக்க வேண்டியதுதான். யூரியாவை அன்றன்றே கரையுங்கள், சூடுபடுத்தாதீர்கள். பழையதில் சயனேட் உண்டாகிப் புரதத்தின் அமினோ முனைகளில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அரை மோலார் ஆர்ஜினின் கலந்த குளிர்ந்த பஃபரில் சொட்டுச் சொட்டாக இருபது மடங்கு நீர்க்க விடுங்கள். கரைசல் தெளிவாக இருப்பதாலேயே புரதம் மடிந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். உருக்குலைந்த புரதம் ஊசியில் போனால், உடம்பு அந்தக் குலைந்த உருவத்துக்குத்தான் ஆன்டிபாடி செய்யும். கிருமியின் மேல் இருப்பதோ நல்ல உருவம். இதன் வட்டியைப் பின்னால் கட்டுவீர்கள்.

நிக்கல் ரெசினில் ஒட்டவில்லை

புரதத்தின் முனையில் ஹிஸ் வால் என்ற ஹிஸ்டிடின் வரிசையைச் சேர்த்து, அதை நிக்கல் ஏறிய ரெசினில் பிடித்துத்தான் சுத்தம் செய்கிறோம். ரெசினின் நீலப்பச்சை நிறம் வெளுத்திருந்தால் பஃபரில் ஈ.டி.டி.ஏ. இருக்கிறது, அது நிக்கலைப் பிடுங்கிவிட்டது. பழுப்பாகியிருந்தால் டி.டி.டி. இரண்டையும் எடுத்துவிடுங்கள். நிறம் நன்றாக இருந்தும் ஒட்டவில்லை என்றால், கொஞ்சம் சாம்பிளை யூரியாவில் குலைத்து அதே ரெசினில் ஊற்றுங்கள். இப்போது ஒட்டினால் ஹிஸ் வால் மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. வாலை மறுமுனைக்கு மாற்றுங்கள். எல்லாம் ஒட்டி, கூடவே 25 கிலோடால்டன் பக்கத்தில் ஒரு விருந்தாளியும் வந்தால் அது பெரும்பாலும் ஈ.கோலையின் சொந்தப் புரதமான ஸ்லை-டி. கழுவும் பஃபரில் இமிடசோலைக் கொஞ்சம் ஏற்றினால் போய்விடும். இமிடசோல் காரத்தன்மை உள்ளது, சேர்த்த பிறகு பி.எச்.சைத் திரும்பப் பார்க்க மறக்காதீர்கள்.

பஃபர் பால் மாதிரி ஆகிறது

"மேடம், புரதத்தை அப்புறம் திட்டலாம், முதல்ல தண்ணியப் பாருங்க" என்றார் எங்கள் லேப் உதவியாளர் அண்ணன். இருபது வருடமாகக் கண்ணாடி வாலையைக் கழுவுகிறவர் சொன்னால் கேட்டுக்கொள்வதுதான் மரியாதை.

எங்கள் ஊர் போர்த் தண்ணீர் என்றாலே வெளியூர்க்காரர்கள் ஃபுளூரைடைத்தான் கேட்பார்கள். பல்லில் கறை ஏறிய தலைமுறை இங்கே உண்டு, ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் பஃபரைக் கெடுப்பது பெரும்பாலும் கால்சியம். தண்ணீர் சரியாகச் சுத்தமாகாவிட்டால் அது பாஸ்பேட்டோடு சேர்ந்து வெண்மையாகப் படியும். புரதம் சேர்க்காத வெறும் பஃபரை ஒரு குப்பியில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். அதுவும் கலங்கினால் பழி தண்ணீர் மேல். ஆர்.ஓ. தண்ணீரை நேரே எடுக்காமல் இருமுறை வாலையில் வடித்து, அன்றைக்கே பயன்படுத்துங்கள். பத்து நாள் கேனில் நின்ற "சுத்தமான" தண்ணீரின் உட்சுவரில் வழவழப்பு ஏறியிருக்கும். அது அடுத்த பகுதியில் வரும் வில்லனுக்குத் தாய்வீடு.

வெறும் பஃபர் தெளிவாகவும் புரதம் சேர்ந்தது மட்டும் திரிந்தும் இருந்தால் பி.எச்.சைப் பாருங்கள். டிரிஸ் பஃபர் வெப்பத்தோடு நகரும், டிகிரிக்கு ஏறக்குறைய 0.03. 25 டிகிரியில் 8.0 என்று வைத்தது குளிர் அறையில் 8.6, மே மாத மேசையில் 7.6. உங்கள் புரதத்தின் ஐசோஎலெக்ட்ரிக் புள்ளி (அதன் மொத்த மின்னூட்டம் பூஜ்யமாகும் பி.எச்.) இந்த வழியில் எங்காவது உட்கார்ந்திருந்தால் அது திரியத்தான் செய்யும். எந்த வெப்பத்தில் பயன்படுத்துவீர்களோ அதே வெப்பத்தில் பி.எச். வையுங்கள்.

முதல் ஊசியிலேயே அமோகமான எதிர்ப்பு

சந்தோஷப்படாதீர்கள். இங்கிருந்துதான் வெற்றி வேஷம் கட்டிய பிழைகள் தொடங்குகின்றன.

செல் வளர்ப்பில் புரதத்தைப் போட்டதும் சைட்டோகைன்கள் (எதிர்ப்புச் செல்கள் விடும் சைகைப் புரதங்கள்) குபுகுபு என்று ஏறுகின்றன, சுண்டெலிக்கு ஆன்டிபாடி முதல் வாரமே வருகிறது, கூடவே எலிகள் முடி சிலிர்த்து மூலையில் குந்துகின்றன என்றால், வேலை செய்வது உங்கள் புரதமாக இருக்காது. ஈ.கோலையின் வெளிச்சவ்விலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த எண்டோடாக்சின் அது. நிக்கல் ரெசினில் சுத்தம் செய்து, ஜெல்லில் ஒற்றைக் கோடாகத் தெரிந்தாலும் எண்டோடாக்சின் அதில் இருக்கும். ஜெல்லின் நீலச் சாயம் அதற்குப் பிடிக்காது.

சோதனை எளிது. புரதத்தைக் கொதிக்க வைத்துவிட்டுச் செல்லில் போடுங்கள். புரதம் செத்துவிடும், எண்டோடாக்சின் அசையாது. கொதித்த பிறகும் அதே தூண்டல் வந்தால் திருடன் யார் என்று தெரிந்துவிடும். எதிர்ப்பக்கமாகப் பாலிமிக்சின்-பி சேர்த்துப் பாருங்கள், அது எண்டோடாக்சினைக் கட்டிப்போடும். தூண்டல் சரிந்தால் சந்தேகம் உறுதி. அளவு தெரிய லாடநண்டின் ரத்தத்திலிருந்து செய்யும் எல்.ஏ.எல். சோதனை உண்டு. செல்லுலோஸ் ஃபில்டரில் வடித்த சாம்பிளில் அது பொய்யாகவும் கூவும், குளுக்கான் அதை ஏமாற்றிவிடும்.

நீக்குவதற்கு எங்களுக்குக் கைகொடுத்தது டிரைட்டன் எக்ஸ்-114 என்ற டிடர்ஜென்ட். புரதம் நிக்கல் ரெசினில் ஒட்டியிருக்கும்போதே, 4 டிகிரி குளிரில், 0.1 சதவீத டிரைட்டனால் ரெசின் அளவைப் போல் ஐம்பது மடங்கு கழுவுங்கள். பிறகு டிரைட்டன் இல்லாத பஃபரால் அதையே கழுவி வெளியேற்றுங்கள். குளிரில்தான் செய்ய வேண்டும். இந்த டிரைட்டன் 22 டிகிரி வாக்கில் கலங்கிப் பிரிந்துவிடும். எங்கள் ஊர் அறையில் மேசைமேல் செய்தால் ரெசினே அடைத்துக்கொள்ளும். கண்ணாடிச் சாமான்களை ஆட்டோகிளேவ் செய்தால் போதாது, 250 டிகிரி உலர் சூட்டில் அரை மணி வையுங்கள். ஆட்டோகிளேவ் கிருமியைக் கொல்லும், அதன் பிணத்தை அப்படியே விட்டுவைக்கும்.

இதைச் செய்த பிறகு எங்கள் "அமோகமான" ஆன்டிபாடி நான்கில் ஒரு பங்காக இறங்கியது. அந்த மாணவி இரண்டு நாள் பேசவில்லை. முதல்முறையாக உண்மையான எண் கிடைத்திருக்கிறது என்று நான் சொன்னதை அவள் ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன தொகுதி வேலை செய்தது, இந்தத் தொகுதி செய்யவில்லை

ஆலம் (எதிர்ப்பைக் கூட்டச் சேர்க்கும் அலுமினிய உப்பு) கலந்த தொகுதியா? ஃப்ரிட்ஜில் எந்தத் தட்டில் வைத்தீர்கள்? ஃப்ரீசருக்கு ஒட்டிய மேல்தட்டில் வைத்து ஒருமுறை உறைந்துவிட்டால் ஆலத்தின் ஜெல் உடைந்து குருணையாகிவிடும். உருகிய பிறகு கண்ணுக்குச் சாதுவாகத்தான் இருக்கும். அதே தொகுதியில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைத்து உருக்கி, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கிப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் அடியில் படிந்தால் சந்தேகக் குப்பியையும் கொட்டிவிடுங்கள். வெயிலுக்குப் பயந்து பென்னாகரம் வரை ஐஸ் கட்டியின் மேலேயே குப்பியை வைத்துக் கொண்டுபோனவர்களுக்கும் இதே கதிதான். 2 முதல் 8 டிகிரி என்றால் இரண்டுக்குக் கீழேயும் போகக் கூடாது.

உறையவில்லை என்றால் பஃபரைப் பாருங்கள். அலுமினியம் ஹைட்ராக்சைடு நடுநிலை பி.எச்.சில் நேர்மின்னூட்டம் உடையது, அமிலப் புரதங்களைப் பிடித்துக்கொள்ளும். பாஸ்பேட் பஃபரில் கலந்தால் பாஸ்பேட் முந்திப்போய் இடம் பிடித்துவிடும், புரதம் வெளியே நிற்கும். கலவையைச் சுழற்றி மேல்நீரில் புரதம் மிச்சமிருக்கிறதா என்று அளந்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எலைசா தட்டு முழுக்க மஞ்சள்

எலைசா என்பது தட்டின் குழிகளில் நம் புரதத்தைப் பூசி, சீரத்தில் அதற்கு ஆன்டிபாடி இருந்தால் மஞ்சளாகும் சோதனை. ஊரில் கறவை மாடுகளின் சீரத்தைக் கொண்டுவந்து சோதித்தோம். தொண்ணூற்றாறு குழியும் மஞ்சள். ஊசியே போடாத மாடுகள், சீரமே ஊற்றாத குழி, எல்லாம். மாவட்டத்தில் ஒரு மாடு பாக்கியில்லாமல் நோய் என்று ஒரு மாணவர் அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டார்.

காரணம் பால்பவுடர். தட்டின் வெற்றிடங்களை அடைக்க எல்லாரும் போல நாங்களும் கொழுப்பு நீக்கிய பால்பவுடர்தான் போட்டிருந்தோம். மனித சீரத்துக்கும் எலிச் சீரத்துக்கும் அது சரி. மாட்டு ஆன்டிபாடியைத் தேடும் கான்ஜுகேட்டை (நிறம் தரும் நொதி ஒட்டிய ஆன்டிபாடி) ஊற்றும்போது, பாலில் இருக்கும் மாட்டு ஆன்டிபாடியையே அது பிடித்துக்கொள்ளும். மாட்டு சீரப் புரதமான பி.எஸ்.ஏ.விலும் இதே கலப்படம் உண்டு. மாட்டு வேலைக்கு மீன் ஜெலட்டினுக்கு மாறினோம், தட்டு வெளுத்தது.

வெற்றுக் குழி வெளுத்தும் எல்லா மாடும் இன்னும் பாசிட்டிவ் என்றால் அடுத்த சந்தேகம் ஈ.கோலை. குடலில் ஈ.கோலை இல்லாத மாடு உலகத்தில் இல்லை, ஒவ்வொன்றின் ரத்தத்திலும் அதற்கு ஆன்டிபாடி இருக்கும். உங்கள் புரதத்தில் ஈ.கோலைக் கசடு ஒரு சதவீதம் இருந்தாலும் அது போய் ஒட்டும். முதலில் மூடி வைக்கச் சொன்னேனே, வெறும் பிளாஸ்மிட் ஏற்றிய ஈ.கோலை, அதன் சாற்றில் சீரத்தை ஒரு மணி ஊறவைத்துவிட்டுப் பிறகு சோதியுங்கள். அப்போதும் நிற்கிற மாடுதான் பேச வேண்டிய மாடு.

எலைசா உச்சத்தில், எம்.ஏ.டி. பூஜ்யம்

இந்த இடத்தில் சிலர் திட்டத்தையே கைவிடுகிறார்கள், தேவையில்லாமல். எம்.ஏ.டி. என்பது உயிருள்ள லெப்டோஸ்பைராவோடு சீரத்தைக் கலந்து, இருள்புல நுண்ணோக்கியில் கிருமிகள் கொத்தாக ஒட்டுகின்றனவா என்று பார்ப்பது. அந்தக் கொத்தை உண்டாக்குவது பெரும்பாலும் கிருமியின் லிப்போபாலிசாக்கரைடுக்கு எதிரான ஆன்டிபாடி. உங்கள் ஊசியில் அந்தச் சர்க்கரையே இல்லை, இருப்பது ஒரு புரதம். எம்.ஏ.டி. பூஜ்யம் வருவதுதான் இயல்பு. சொல்லப்போனால் லாபம்: ஊசி போட்ட மாட்டையும் நோய் வந்த மாட்டையும் பிரித்தறிய இதுவே வழி.

இதன் தம்பி ஒன்று உண்டு. லிக்-ஏ என்ற இன்னொரு லெப்டோஸ்பைராப் புரதத்துக்கு நல்ல சீரம் இருக்கிறது, கூட்டாளி ஆய்வகம் வளர்த்த கிருமியில் வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் பிரித்து ஆன்டிபாடியால் தேடுவது) செய்தால் பேண்டே வரவில்லை. சீரத்தில் குற்றமில்லை. லெப்டோஸ்பைரா வழக்கமான வளர்ப்பூடகத்தில் லிக் புரதங்களைச் சோம்பலாகத்தான் செய்யும். உடம்புக்குள் இருப்பது போன்ற உப்புச்செறிவை உணர்ந்தால்தான் சுறுசுறுப்பாகும். ஊடகத்தில் உப்பை உடலின் அளவுக்கு ஏற்றி வளர்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

எலைசா உச்சத்தில், ஹாம்ஸ்டர் செத்துப்போகிறது

ஊசி போட்ட ஹாம்ஸ்டருக்குக் கூட்டாளி ஆய்வகம் உயிருள்ள கிருமியைச் செலுத்திப் பார்க்கிறது, அது சாகிறது. இங்கே கைவிடுவதைத் தேவையில்லாமல் என்று சொல்ல மாட்டேன். புரதத்தையே தப்பாகத் தேர்ந்தெடுத்திருக்கலாம்.

நாங்கள் லிப்-எல்-32இல்தான் தொடங்கினோம். கிருமியின் மிக ஏராளமான புரதம் அது. நோய் உண்டாக்கும் இனங்களில் எல்லாம் இருக்கிறது, குளத்து நீரில் சாதுவாகத் திரியும் இனங்களில் இல்லை, நோய் வந்தவர் ரத்தத்தில் அதற்கு ஆன்டிபாடி அபாரம். ஜாதகம் பத்துக்குப் பத்து. ஆனால் ஆன்டிபாடி கிருமியின் மேற்பரப்பைத் தொட்டால்தானே ஏதாவது நடக்கும்? இந்தப் புரதம் பெரும்பகுதி வெளிச்சவ்வின் உள்பக்கம் பதுங்கியிருக்கிறது என்று 2013ல் வெளியான ஆய்வு காட்டியது. வீட்டுக்குள் இருப்பவனைத் திண்ணையில் காவல் நின்று பிடிக்கப் பார்த்த கதை. நோயைக் கண்டறியும் கிட்டுக்கு லிப்-எல்-32 தங்கம், தடுப்பூசிக்குத் தகரம் என்பது என் முடிவு. இதை நான் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் ஒப்புக்கொண்டிருக்கலாம்.

லிக் புரதங்களுக்கு மாறினோம். லிக்-ஏவில் இம்யூனோகுளோபுலின் மாதிரியான 13 மடிப்புகள் வரிசையாக நிற்கும். முழு நீளத்தை ஈ.கோலையில் செய்வது பெரும்பாடு. லிக்-ஏவுக்கே உரிய பின்பாதியை மட்டும் எடுங்கள். அந்தத் துண்டு ஹாம்ஸ்டரைச் சாவிலிருந்து காப்பாற்றியதை 2007லேயே காட்டிவிட்டார்கள். உங்களுக்கு வரவில்லை என்றால் இரண்டு கேள்வி. முதலாவது, யூரியாவில் குலைத்து மடித்த புரதமா? வண்டலைப் பற்றிச் சொன்ன வட்டி இங்கேதான் வரும். இரண்டாவது, எதிர்ப்பைக் கூட்டச் சேர்த்தது எந்தத் தூண்டி (அட்ஜுவன்ட்)? ஃப்ராய்ண்ட் என்ற எண்ணெய்க் கலவையோடு வந்த வெற்றி ஆலத்துக்கு மாறியதும் வாடலாம். ஃப்ராய்ண்ட் ஊசி போட்ட இடத்தில் கட்டியாக்கிப் புண்ணாக்கும், பால் மாட்டுக்கு அதைக் கனவிலும் போட முடியாது. அதனால் தொடக்கத்திலிருந்தே ஆலத்தோடு சோதிப்பது நல்லது, முடிவு கசப்பாக இருந்தாலும்.

ஊசி போடாத ஹாம்ஸ்டரும் சாகவில்லை

அப்படியென்றால் சோதனையே நடக்கவில்லை. "நூறு சதவீதப் பாதுகாப்பு" என்று எழுதாதீர்கள். கிருமி வளர்ப்பூடகத்திலேயே திரும்பத் திரும்ப வளர்ந்து வீரியம் இழந்திருக்கும். கூட்டாளி ஆய்வகத்திடம் சொல்லி விடுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எல்லாம் பிழைத்தன, ஆனால் சிறுநீரகத்தில் கிருமி

பட்டியலில் கடைசி, எங்கள் இன்றைய நிலையும் இதுதான். ஊசி போட்ட ஹாம்ஸ்டர்கள் கொழுகொழுவென்று ஓடுகின்றன. இருபத்தெட்டாம் நாள் சிறுநீரகத்தை எடுத்துப் பி.சி.ஆர். பார்த்தால் கிருமி பாசிட்டிவ். சிறுநீரகம் பார்க்காமல் உயிரோடிருப்பதை மட்டும் எண்ணியிருந்தால் இதை வெற்றி என்று அச்சடித்திருப்போம்.

பென்னாகரம் பக்கம் சீரம் எடுக்கப் போனபோது, கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஓர் அம்மா கேட்டார்: "ஏம்மா, இந்த ஊசி போட்டா மாட்டுக்கு நோவு வராதா, இல்ல எனக்கு வராதா?"

"ரெண்டு பேருக்கும் வராமப் பண்ணத்தாம்மா பாக்கறோம்."

"அது சரி. மொதல்ல எது?"

விலங்கிலிருந்து மனிதருக்குத் தாவும் நோயில் இதைவிடக் கூர்மையான கேள்வியை எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை. மாடு பிழைத்துக்கொண்டு, தொழுவத்தில் சிறுநீரோடு கிருமியை விட்டுக்கொண்டே இருந்தால், அந்த அம்மாவின் கால் வெடிப்புக்கு எங்கள் ஊசியால் ஒரு பயனும் இல்லை. நோய் தெரியாத மாடு என்பதால் அவர் இன்னும் கவனக்குறைவாகவே இருப்பார்.

இந்த அறிகுறிக்கு என்ன செய்வது? முதலில் அளவைச் சரிசெய்யுங்கள். பி.சி.ஆர். செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் காட்டும்; சிறுநீரகத் துணுக்கை வளர்ப்பிலும் போட்டு, உயிருள்ளதுதானா என்று பாருங்கள். இந்தக் கிருமி மெதுவாக வளர்வது, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உயிரோடுதான் இருக்கிறது என்றால், லிக்-ஏவோடு நிற்காமல் அதன் உறவுப் புரதமான லிக்-பியின் துண்டையும் எடுங்கள். லிக்-ஏ எல்லா நோய் இனங்களிலும் இல்லை, லிக்-பி இருக்கிறது. லிக்-பியின் ஒரு துண்டு ஹாம்ஸ்டரின் சிறுநீரகத்தையும் கிருமியில்லாமல் வைத்ததாக 2017ல் ஆய்வு வந்திருக்கிறது. மாட்டில் அது நடக்குமா என்பது வேறு கதை. மாட்டில் அதிகம் குடியேறும் ஹார்ட்ஜோ செரோவார், ஹாம்ஸ்டரைக் கொல்லும் செரோவாரைப் போல ஆர்ப்பாட்டம் செய்யாது, சத்தமில்லாமல் வருடக்கணக்கில் சிறுநீரகத்தில் உட்கார்ந்திருக்கும்.

லிக்-பி ஜீனை எழுதி வாங்க ஆர்டர் போட்டிருக்கிறோம். முகவரிச் சீட்டை வெட்டி, கோடான் திருத்தி, கானமைசின் பிளாஸ்மிட்டில். ஷேக்கரை ஏசி அறைக்கு மாற்றியாகிவிட்டது. அது வந்து சேரும்வரை அந்த அம்மாவிடம் தொழுவத்துக்குள் போகும்போது தண்ணீர் புகாத ரப்பர் ஷூவையாவது போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன். செருப்பே காலில் நிக்காத சேத்துல ஷூவா என்று சிரித்தார்.